மண்தானே என்றார் தலைவர்

ஜெர்மனியில் எனக்கு வேலை கொடுத்த பேஸ்பால் கிளப் என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம்தான். எனக்கு முன்னால் அவர்கள் பேசி வைத்திருந்த அமெரிக்கர் கார் கேட்டார். நான் கேட்கவில்லை. விமான நிலையத்திலிருந்து என்னைக் கூட்டி வந்த கிளப்பின் தலைவர், ஏதோ எனக்குப் பட்டம் சூட்டுவது போல இதைச் சொன்னார். "உன்னைப் போல எளிமையானவர்கள்தான் எங்களுக்கு வேண்டும்." அவர் ஓட்டிக்கொண்டிருந்த கார் எளிமையாக இல்லை.

தமிழ்நாட்டில் பேஸ்பால் ஆடும் பெண்களை ஒரு வேனில் அடைத்துவிடலாம். அப்படி அடைந்துதான் நாங்கள் போட்டிகளுக்குப் போனோம். பல்கலைக்கழக அணியில் ஆடினேன், மாநில அணியில் ஆடினேன், தேசிய முகாம் வரை போய்த் திரும்பினேன். அதற்குப் பிறகு ஒரு தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. அங்கே என் வேலை ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளை வரிசையாக நடக்க வைப்பது. அதிலிருந்து தப்பிக்க எந்த நாட்டுக்கும் போயிருப்பேன். முதலில் பதில் எழுதியது ஜெர்மனி.

ஊர், ரைன் சமவெளியில் வால்டோர்ஃபிலிருந்து பேருந்தில் போகிற தூரத்தில் இருந்தது. சுற்றிலும் ஸ்பார்கல், அதாவது ஆஸ்பராகஸ் வயல்கள். வசந்தம் வந்தால் அந்த ருசியில்லாத வெள்ளைத் தண்டைப் பற்றி ஊரே பக்தியோடு பேசும். மைதானக் கட்டிடத்தில், உடை மாற்றும் அறைக்கு மேலே எனக்கு ஒரு அறை கொடுத்தார்கள். ஆண்களின் இரண்டாம் அணிக்கு நான் பயிற்சியாளர். புல் வெட்டுவதும், சுண்ணாம்புக் கோடு போடுவதும், கழிப்பறையில் காகிதம் மாட்டுவதும் பயிற்சியாளரின் வேலைதான் என்று வந்த பிறகு தெரிந்தது.

இரண்டாம் அணி என்றால் கடைசி லீக். ஒரு பல் மருத்துவர், ஒரு வரி ஆலோசகர், ஒரு தபால்காரர், அவர்களைப் போலவே நடுவயதில் வீட்டை விட்டு வெளியே நிற்க ஒரு காரணம் தேடிய இன்னும் சிலர். அமெரிக்காவிலிருந்து வரவழைத்த தொப்பி, கையுறை, முழங்கால் காப்பு என்று அத்தனையும் வைத்திருந்தார்கள். பந்து வந்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பல் மருத்துவர் சூரியகாந்தி விதையை மென்று துப்புவதை அமெரிக்க ஆட்டக்காரர்களைப் போலவே கற்றிருந்தார். கற்றது அது ஒன்றுதான்.

முதல் நாளே தபால்காரர் கேட்டார். "உங்கள் நாட்டில் கிரிக்கெட் அல்லவா?"

"ஆம். உங்கள் நாட்டில் கால்பந்து அல்லவா?" என்றேன். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

வந்த மாதமே வால்டோர்ஃபில் பொங்கல் விழாவுக்கு, அங்கே வேலை பார்க்கும் என் ஒன்றுவிட்ட அண்ணன் அழைத்துப் போனான். வாடகைக் கூடத்தில் தமிழ்நாட்டு மென்பொருள் குடும்பங்கள் நிரம்பியிருந்தன. மின்சார அடுப்பில் பொங்கல் பொங்காமல் கெட்டியாகிக்கொண்டிருக்க, எல்லோரும் அதைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் என்னிடம் வந்தாள்.

"நீங்க எந்த கம்பெனி?"

"பேஸ்பால் கிளப்புங்க."

"ஓ நைஸ். அவங்க ப்ராடக்ட் என்ன?"

விளக்கிச் சொன்னேன். அவள் முகத்தில் பரிதாபம் பரவியது. "பரவால்ல, ஜெர்மன் பி ஒன் எக்ஸாம் முடிச்சுட்டு டெஸ்டிங் சைடுல ட்ரை பண்ணுங்க. என் ஹஸ்பெண்ட் கிட்ட சொல்றேன்." அன்று மாலைக்குள் மூன்று கணவர்கள் என்னை மென்பொருள் சோதனைக்கு அனுப்பத் தயாராகிவிட்டார்கள். ஒருவருக்கும் ஒரு பந்தைத் தூக்கி எறிந்து பார்க்கத் தோன்றவில்லை. அதன் பிறகு நான் அங்கே போகவில்லை.

எனக்கு அந்த ஊரில் கிடைத்த முதல் தமிழ் மனுஷி பேருந்து ஓட்டினார். ரயில் நிலையத்திலிருந்து மைதானம் வழியாகப் போகும் தடம். பிப்ரவரியில் ஒரு நாள், மட்டைகள் துருத்திய நீளமான பையோடு ஏறினேன். ஓட்டுநர் இருக்கையில் ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி, மூக்கில் சிவப்புக் கல், நிறுவனத்தின் நீல மேலங்கி. என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"நீங்கள் தமிழோ?"

"ஆமாங்க."

"உந்தப் பைக்குள்ள என்ன பிள்ளை, தடியோ? ஆருக்கு அடிக்கப் போறீங்கள்?"

நான் சிரித்துவிட்டேன். ஜெர்மனிக்கு வந்து அதுதான் முதல் சிரிப்பு. "இல்லக்கா, பேஸ்பால். நான் கோச்."

"ஜெர்மன்காரருக்கோ?"

"ஆமாக்கா."

"விளையாடப் பழகுறாங்களோ?"

"இல்லக்கா."

அவருக்கு அந்தப் பதில் பிடித்துப் போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கணவர் தோட்டம், நடைபாதை அமைக்கும் ஒரு நிறுவனத்தில் மேற்பார்வையாளர். அண்ணை என்று ஊரே அவரைக் கூப்பிட்டது. எனக்கு வாயில் அண்ணா என்றுதான் வந்தது. அவர்களுடைய தமிழ்ச் சங்கத்தின் செயலாளரும் அவரே. நண்டுக் கறியைப் பரிமாறிக்கொண்டே, சங்கத்தின் பொருளாளர் எப்படிப்பட்ட ஆள் என்பதை அவர் எனக்கு முழுமையாக விளக்கினார். சோறு முடிந்தது, பொருளாளர் முடியவில்லை. சங்கம் என்றால் எந்த ஊரிலும் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் கடைசியில் ஒரு வார விடுமுறையில் நான் ஹம்பேர்க் போயிருந்தேன். திரும்பி வந்து மைதானத்தைப் பார்த்தபோது ஏதோ குறைந்தது. பேஸ்பாலில் பந்து எறிபவர் நிற்பதற்கு மைதானத்தின் நடுவில் ஒரு மேடு இருக்கும். களிமண்ணை அடுக்கடுக்காக இடித்துக் கட்டியது. உச்சியில் ஒரு வெள்ளைப் பலகை, அதிலிருந்து முன்னால் அளவான சரிவு. அந்தச் சரிவில்தான் எறிபவரின் கால் இறங்கும், பந்துக்கு வேகம் வரும். குளிர்காலம் முழுக்க அதைத் தார்ப்பாய் போட்டு மூடிக் காப்பாற்றியிருந்தேன். இப்போது அங்கே மேடு இல்லை. தரை தட்டையாகக் கிடந்தது, அதன் மேல் லாரிச் சக்கரத் தடங்கள்.

தலைவரைத் தேடிப் போனேன். அவர் காப்பீட்டு முகவர். கடைத்தெருவில் கண்ணாடி வைத்த அலுவலகம், வாசலில் சிரிக்கும் அவருடைய ஆளுயரப் படம்.

"ஆமாம், வாத்தியக் குழுவின் ஆண்டு விழாவுக்குக் கூடாரம் போட்டார்கள். அந்தக் குவியல் இடைஞ்சலாக இருந்தது. நான்தான் எடுத்துவிடச் சொன்னேன்."

"அது குவியல் இல்லை. அது எறியும் மேடு."

"மண்தானே?" என்றார். "ஒரு மணி நேரத்தில் மறுபடி குவித்துவிடலாம்."

பத்து வருஷமாக ஒரு பேஸ்பால் கிளப்புக்குத் தலைவராக இருக்கும் மனிதர். நெஞ்சில் கிளப் சின்னம் குத்திய சட்டை வேறு போட்டிருந்தார். லீக் தொடங்க மூன்று வாரம்தான் இருக்கிறது என்றேன். அதற்கென்ன, நகராட்சிக்கு ஓர் அன்ட்ராக் போடுவோம் என்றார். விண்ணப்பத்தை விளையாட்டுக் குழு கோடை விடுமுறைக்குப் பிறகு கூடிப் பரிசீலிக்குமாம். அணியிடம் சொன்னேன். பல் மருத்துவர் விதையைத் துப்பிவிட்டு, "வருத்தமான விஷயம்" என்றார். வரி ஆலோசகர் அடுத்த கூட்டத்தில் இதைக் கேள்வியாக எழுப்புவதாக வாக்களித்தார். மண்வெட்டி என்ற ஒரு பொருள் உலகத்தில் இருப்பது அவர்களில் ஒருவருக்கும் நினைவில் வரவில்லை.

பேருந்தில் அக்காவிடம் புலம்பினேன். அவர் சிவப்பு விளக்கில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"மண்ணுக்கோ பிள்ளை இவ்வளவு கவலை? என்ர மனுசன் விடிஞ்சாப் பொழுதுபட்டா மண்ணுக்குள்ளதான் கிடக்கிறார். சொல்லிவிடுறன்."

அந்தச் சனிக்கிழமை காலையில் அண்ணை நிறுவனத்தின் சின்ன மண் தோண்டும் இயந்திரத்தை இரவல் வாங்கி, இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். கூடவே களிமண், சங்கத்திலிருந்து நான்கு பேர், இரண்டு ஃபிளாஸ்க் தேநீர். நான் நூல் பிடித்து அளந்து குச்சி நட்டேன். அவர்கள் முதல் கூடை மண் விழுவதற்குள் சண்டையைத் தொடங்கிவிட்டார்கள்.

"மேட்டில நிண்டு எறிஞ்சா, கீழ நிண்டு அடிக்கிறவனுக்கு இதில என்ன நியாயம்?" என்று கேட்டார் ஒருவர்.

"இதுதாங்க ரூல்."

"ரூல் எண்டா? ஆர் போட்டது? அமெரிக்காக்காரனோ? அப்ப அப்பிடித்தான் இருக்கும்."

இன்னொருவர், கிரிக்கெட்டில் இந்த அக்கிரமம் கிடையாது என்றார். மூன்றாமவர், உயரமாகக் கட்டுவதென்றால் ஒழுங்கான உயரமாகக் கட்டவேண்டும், இதென்ன எறும்புப் புற்று என்றார். நான் இந்தப் பக்கம் திரும்பினால் அந்தப் பக்கம் ஒரு கூடை அதிகமாக விழுந்தது. ஆனால் இடித்தார்கள். தண்ணீர் தெளித்து, அடுக்கடுக்காக, வேர்க்க வேர்க்க இடித்தார்கள். என் அணியிலிருந்து அன்று வந்தவர் தபால்காரர் மட்டும். அவர் படம் எடுத்தார்.

மதியம் தலைவர் வந்தார். கையில் கேக் டப்பா. இயந்திரத்தையும் ஐந்து கறுத்த மனிதர்களையும் கண்டதும் முகம் மாறியது.

"யார் இவர்கள்? கிளப் உறுப்பினர்களா? இங்கே யாருக்காவது அடிபட்டால் என்ன ஆவது? இவர்களுக்குக் காப்பீடு இருக்கிறதா?"

அவர் என்னிடம்தான் கேட்டார். அவர்கள் காதில் விழுவதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. மொழி தெரியாதவர்கள் என்ற முடிவோடுதான் பேசினார். அண்ணை இயந்திரத்தை நிறுத்தி இறங்கி வந்தார். கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, அந்த வட்டாரத்தின் கொச்சை ஜெர்மனில், நிதானமாகச் சொன்னார்.

"இருக்கிறது ஐயா. உங்களிடம்தான் எடுத்திருக்கிறேன். வீடு, கார், ஆயுள் மூன்றும். போன கிறிஸ்துமஸுக்கும் எனக்கு ஒரு நாட்காட்டி அனுப்பினீர்கள்."

தலைவர் கேக் டப்பாவை மற்றக் கைக்கு மாற்றினார். "ஆ, நீங்களா! தொப்பி போட்டிருந்ததால் தெரியவில்லை" என்றார். அண்ணை தொப்பி போட்டிருக்கவில்லை.

அவர் கேக்கை வைத்துவிட்டுப் போன பிறகு அண்ணை என்னிடம் சொன்னார். "இருவது வருசம் தங்கச்சி. ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் கார்ட் வரும். முகம் தெரியேல்ல."

"வேற ஆள்கிட்ட மாத்திடலாமே அண்ணா?"

"மாத்திறதெண்டா இந்தாளிட்ட நேரம் கேட்டு டெர்மின் எடுத்து அரை மணித்தியாலம் முன்னால இருக்கோணும். அது என்னால ஏலாது."

செய்த உதவிக்கு அவர் கேட்டது ஒன்றுதான். சங்கத்தின் விளையாட்டு விழாவுக்கு ஜூனில் ஒரு நாள் மைதானம் வேண்டும். எப்போதும் வாடகைக்கு எடுக்கும் பள்ளி மைதானத்தைப் பழுது பார்க்கிறார்களாம். நான் யாரையும் கேட்காமல் சரி என்றேன்.

லீக்கின் முதல் ஆட்டத்தன்று நடுவர் மேட்டை அளந்தார். நான்கு விரல் உயரம் அதிகம். எதிரணி கூச்சலிட்டது. அண்ணை பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்து, கார் டிக்கியிலிருந்து மண்வெட்டியை எடுத்து வந்து, "எறும்புப் புத்து எண்டவன் எங்க?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்திவிட்டுச் செதுக்கத் தொடங்கினார். எறும்புப் புற்று என்றவர் அப்போது கழிப்பறையில் இருந்தார். வெகுநேரம் அங்கேயே இருந்தார்.

ஆட்டத்தில் படுதோல்வி. எங்கள் எறிபவரான வரி ஆலோசகர் அந்த அழகான மேட்டில் ஏறி நின்று, பந்தை நான்கு திசைக்கும் எறிந்தார், அடிப்பவரின் திசை தவிர. அக்கா கிளப் கடையில் மீன் ரோல்ஸ் பொரித்துக் கொடுத்ததால் பார்வையாளர்கள் மட்டும் கடைசி வரை இருந்தார்கள்.

அடுத்த வாரம் ஊராட்சி இதழில் மேட்டின் படம் வந்தது. மேட்டின் மேல் தலைவர் நின்றார். அவருடைய சளைக்காத முயற்சியாலும், "எங்கள் வெளிநாட்டு நண்பர்களின்" உதவியாலும் மைதானம் புதுப் பொலிவு பெற்றதாக எழுதியிருந்தது. அக்கா அதைப் பேருந்திலேயே வாசித்தார். அவருக்கும் அண்ணைக்கும் ஜெர்மன் குடியுரிமை கிடைத்து வெகுகாலம் ஆகிறது. தலைவர் இந்த ஊருக்கு மாறி வந்ததே அதற்குப் பிறகுதான்.

"நாங்கள் இன்னும் எத்தினை வருசம் இருந்தா உள்நாடு ஆவம் பிள்ளை?" என்றார். குரலில் கோபமில்லை. இதழை மடித்து, கண்ணாடி துடைக்க எடுத்து வைத்துக்கொண்டார்.

ஜூன் வந்தது. மைதானம் தர முடியாது என்றார் தலைவர். ஒரு சங்கத்துக்குக் கொடுத்தால் எல்லாச் சங்கங்களும் கேட்குமாம், நியாயம் என்று ஒன்று இருக்கிறதாம். வாத்தியக் குழுவுக்கு அந்த நியாயம் எங்கே போயிருந்தது என்று கேட்டேன். அது மரபு என்றார். வாயிற்கதவின் சாவி என்னிடம்தான் இருந்தது. புல் வெட்டுகிறவளிடம் சாவி இருப்பதுதான் இயல்பு. விழா நாளன்று காலையில் திறந்துவிட்டேன்.

முந்நூறு பேராவது வந்திருப்பார்கள். தேசிக்காய் ஓட்டம் என்று அவர்கள் சொல்லும் எலுமிச்சை-கரண்டி ஓட்டம், கயிறு இழுத்தல், அதன் பிறகு அவர்களுடைய கிரிக்கெட். அதற்கு என்னை நடுவராக்கினார்கள். அன்று பந்து காலில் பட்டதற்கு அவுட் கொடுத்ததற்காகப் பொருளாளர் இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அண்ணை எனக்குப் பொருளாளரைப் பற்றிச் சொன்னதெல்லாம் குறைவு என்று அன்று தெரிந்தது.

மதியம் மேயர் வந்து இறங்கினார். அக்காதான் அழைத்திருக்கிறார், தினமும் அவருடைய பேருந்தில் போகிறவராம். மேயர் வந்த செய்தி எப்படிப் போனதோ, கால் மணி நேரத்தில் தலைவர் கிளப் சட்டையில், மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். மைதானம் தர முடியாது என்று சொன்ன அதே வாயால், "எங்கள் மைதானத்துக்கு உங்களை வரவேற்பதில்" என்று ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார். சோறு பரிமாறும் நேரம். வரிசை நின்றுவிட்டது. விளையாட்டுக்கு எல்லைகள் இல்லை, இந்த மக்களுக்கு நாங்கள் ஒரு வீட்டைத் தந்திருக்கிறோம் என்று அவர் பொழிந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இவர்களுக்குப் புரியும்படி மொழிபெயர்" என்றார்.

அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் ஜெர்மனியில் பிறந்தவர்கள். ஒலிபெருக்கியை வாங்கினேன்.

"இவரு என்ன சொல்றாருன்னா, இந்த மேட்டை இடிச்சது இவரு. திரும்பக் கட்டினது நீங்க. இன்னைக்கு உங்களுக்கு கிரவுண்ட் தர முடியாதுன்னு சொன்னதும் இவருதான். இப்ப மேயர் வந்திருக்கறதால வாழ்த்துச் சொல்றாரு. நல்லா கை தட்டுங்க. தட்டினா சீக்கிரம் முடிச்சுடுவாரு. சோறு ஆறுது."

அப்படி ஒரு கைதட்டலை அந்த மைதானம் கேட்டதே இல்லை. விசில் பறந்தது. தலைவர் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். நெகிழ்ந்துபோய் இன்னொரு பத்தி பேசினார். அதையும் மொழிபெயர்த்தேன். அக்கா சோற்றுச் சட்டியின் பின்னால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார்.

நான் மொழிபெயர்த்த விதம் ஒரு வாரத்துக்குள் தலைவரின் காதுக்கு எட்டிவிட்டது. தன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்.

"என்னைக் கேலிப்பொருளாக்கிவிட்டாய். நான் அப்படி எதுவும் சொல்லவில்லை."

"சொல்லவில்லைதான். செய்தீர்கள்."

"உனக்கு நாங்கள் எவ்வளவு செய்திருக்கிறோம்."

கழிப்பறைக் காகிதம் மாட்டுகிறவளுக்கு ஒரு கிளப் எவ்வளவு செய்திருக்கும் என்று யோசித்தேன். சீசன் முடிந்ததும் கிளப் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. கடைசிப் பயிற்சியன்று அணி என்னோடு வரிசையாகக் கைகுலுக்கியது. வரி ஆலோசகர், இதைக் கூட்டத்தில் கேள்வியாக எழுப்பியிருக்கலாம் என்று வருத்தப்பட்டார். அடுத்த ஆண்டுக்கு அமெரிக்கர் வந்தார். கார் கொடுத்தார்கள்.

அந்த மூன்று கணவர்களையும் நான் அணுகவில்லை. டார்ம்ஸ்டாட் பக்கம் ஒரு கிளப் பெண்களுக்குப் புதிதாக அணி தொடங்குவதாக அறிந்து எழுதினேன். சாமான்களை அக்காவும் அண்ணையும் இழுவை வண்டியில் கொண்டு வந்து இறக்கினார்கள். ஒரு பெட்டி ரோல்ஸும் வைத்துவிட்டுப் போனார்கள்.

முதல் பயிற்சிக்கு ஏழு பெண்கள் வந்தார்கள். தொப்பி, சின்னம் எதுவும் இல்லை. இருவர் தோட்ட வேலைச் செருப்போடு வந்திருந்தார்கள். ஓய்வு பெற்ற செவிலி ஒருவர் முன்னால் வந்து கேட்டார்.

"இந்த விளையாட்டு உங்கள் நாட்டில் பிரபலமா?"

"இல்லை."

"இங்கேயும் இல்லை" என்றார். கையுறையை எந்தக் கையில் போடுவது என்று கேட்டார். காட்டினேன். போட்டுக்கொண்டு வரிசையில் போய் நின்றார்.